கன்னியம்மாவின் இடது கன்னம்

குடிகாரனைப் பார்த்தால் கன்னியம்மாவுக்கு இரக்கம் வராது. வரவேண்டும் என்று அவள் முயன்றதும் இல்லை. ராயபுரத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், குடியை நிறுத்த வருகிறவர்களுக்கான வார்டில் அவளுக்கு ஆயா வேலை. பன்னிரண்டு கட்டில். ஒருவன் போனால் ஒருவன் வந்து படுப்பான். வேர்ப்பான், நடுங்குவான், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துவான். நாலாம் நாள் தெளிவான். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, தான் குடிப்பதற்குக் காரணம் பெண்டாட்டியின் வாய்தான் என்று ஆரம்பிப்பான். ஒன்பது வருஷமாக இதே கதை, வேறு வேறு மூஞ்சி.

வீட்டுக்குப் போகிறவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்து, நர்சம்மாவிடம் ஜோசியம் சொல்வாள். "இது ஒரு மாசம் தாங்கும். இது டோல்கேட் ஒயின்ஷாப்பத் தாண்டாது." பெரும்பாலும் பலிக்கும். பலிக்காதபோது அவளுக்குச் சந்தோஷமெல்லாம் வராது. "லேட்டா வருவான்" என்பாள்.

இந்த வித்தையை அவள் புருஷனிடம் கற்றாள். கிருஷ்ணப்பன் ஹார்பர் கோடவுனில் மூட்டை தூக்கியவன். வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி, ஒரே ரூம். அந்த ஒரே ரூமில் அவன் பாட்டிலை ஒளித்த இடங்களை எழுதினால் ஒரு நோட்டு நிரம்பும். அரிசி டிரம்மின் அடியில், தலையணைப் பஞ்சுக்குள், பாடாத ரேடியோவின் வயிற்றில். மகள் எழில்மொழியின் புத்தகப்பையில்கூட ஒருநாள் வைத்திருந்தான், கணக்குப் புத்தகத்துக்கும் சோற்று டப்பாவுக்கும் நடுவில். எல்லாவற்றையும் அவள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துப் பிரயோஜனம் இல்லை. வயிறு பானையாக வீங்கி, கண் மஞ்சளாகி, முப்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தான். சாவுக்கு வந்தவர்கள் அவள் அழவில்லை என்பதைத்தான் கவனித்தார்கள். கல்நெஞ்சக்காரி என்று அவன் அக்கா காதுபடச் சொன்னாள். "ஆமா, கல்லுதான். நீ கட்டிகினு அழு" என்று சொல்லிவிட்டு கன்னியம்மா பந்தலுக்கு நாற்காலி போடப் போனாள்.

ஒளித்ததைக் கண்டுபிடிக்கிற அந்தக் கண் வார்டில் உதவியது. புதிதாக வருகிறவனின் பையைச் சோதிப்பது அவள் பொறுப்பு. மோர் பாட்டிலில் மோரோடு பிராந்தி கலந்து வந்ததை மூடியைத் திறக்காமலே சொன்னாள். துண்டின் ஓரத் தையலுக்குள் மாத்திரை வைத்து வந்தவனை, துண்டை உதறிய உதறலிலேயே பிடித்தாள். பெரிய டாக்டரம்மா வெளியாட்கள் வந்தால் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவளும் வந்து நின்று, இவனுங்க புத்தி எப்படி ஓடும் என்று விளக்குவாள்.

விளக்கும்போதெல்லாம் அவள் இடது கன்னத்தில் ஓர் உருண்டை இருக்கும்.

அது மாவா. பாக்கைத் தூள் செய்து, புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்து, பிளாஸ்டிக் தாளில் தேய்த்துச் சூடேற்றிக் கொடுப்பார்கள். விற்கக்கூடாது என்று சட்டம். விற்காத தெரு அந்தப் பக்கத்தில் இல்லை. புருஷன் செத்தபின் எண்ணூரில் ஓர் இறால் உரிக்கும் கொட்டகையில் அஞ்சு வருஷம் நின்றாள். ஐஸ் தண்ணியில் கை மரத்துப்போகும், பசி தெரியக்கூடாது, இடுப்பு வலி தெரியக்கூடாது. பக்கத்தில் நின்றவள் ஒரு சிட்டிகை கொடுத்தாள். முதல் தடவை தலை சுற்றி வாந்தி எடுத்தாள். ஒரு மாதத்தில் அது இல்லாமல் இறால் உரியவில்லை. கொட்டகை போய் ஆஸ்பத்திரி வந்தது, மாவா கூடவே வந்தது. கையுறை வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் ஒன்று, யூனிபார்ம் கோட்டின் உள்மடிப்பில் ஒன்று, தண்ணி ரூம் ஜன்னல் மேல் ஒன்று. அதை ஒளித்து வைப்பதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலை செய்கிற இடத்தில் நாலு பேர் பார்க்கத் துப்பக்கூடாது, மரியாதை என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாகக் காரம் சேரவில்லை. மிளகாய் பட்டால் வாய் தீயாக எரியும். சோற்றைக் குழையப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக உள்ளே தள்ளுவாள். வயசாகுது என்று சொல்லிக்கொண்டாள். வயசு நாற்பத்தேழு.

போன வருஷம் ஆடி மாதம் கஸ்பார் மூன்றாவது தடவையாக வந்தான். ஹார்பரில் கிரேன் ஓட்டியவன். நூறு அடி உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து கண்டெய்னர் தூக்கினவனைக் கை நடுக்கத்தைப் பார்த்து இறக்கிவிட்டு, கேட்டில் சீட்டுப் பார்க்கிற வேலையில் போட்டிருந்தார்கள். கூட அவன் பெண்டாட்டி ஃப்ளோரா, கையில் ஜபமாலையும் எக்ஸ்ரே கவரும்.

"மூணாவது தபாவா?" என்றாள் கன்னியம்மா.

"ஆமாக்கா. இந்த வாட்டி கண்டிப்பா வுட்டுர்றேன். மாதா மேல ஆணையா."

"மாதாவுக்கு வேற வேலை கீது. பையத் தொற."

லுங்கி, பனியன், பிஸ்கட், பவுடர் டப்பா. டப்பாவைக் கையில் எடுத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தாள். பவுடருக்கு இவ்வளவு கனம் ஏது. மூடியை நெம்பிக் கவிழ்த்தாள். பவுடரோடு இரண்டு பிளாஸ்டிக் உறை விழுந்தது, பிராந்தி ஊற்றி வாய் கட்டியது. கஸ்பார் கூரையைப் பார்த்தான்.

"அவுரு நல்லவருதாங்க" என்றாள் ஃப்ளோரா மெதுவாக. "குடிச்சா மட்டுந்தான் இப்டி."

"தூங்கச் சொல்ல புலியும் நல்லதுதாம்மா. நீ போய் சாப்ட்டு வா."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு கஸ்பாருக்கு வலிப்பு வந்தது. நர்ஸ் ஊசியோடு ஓடி வருவதற்குள் கன்னியம்மா அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலை கட்டில் கம்பியில் மோதாமல் தன் உள்ளங்கையைக் கொடுத்திருந்தாள். கை கன்றிப்போனது. அடங்கியபின் எச்சிலைத் துடைத்தாள், நனைந்த லுங்கியை மாற்றினாள், மூஞ்சியில் ஒரு சொட்டு இளக்கம் இல்லாமல். அவள் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. முகத்தில்தான் குறை.

எட்டாம் நாள் கவுன்சலிங். கார்குழலி என்று ஒரு பெண், இருபத்தாறு வயசு இருக்கும், படித்துவிட்டு நேராக வந்தவள். தெளிந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். கன்னியம்மா டீ டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்விகளை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். ஒருத்தனும் உண்மை சொல்லப்போவதில்லை, இந்தப் பொண்ணும் அதை அழகாக எழுதிக்கொள்ளப் போகிறது என்பது அவள் எண்ணம்.

"ஒரு தடவைதான்னு ஆரம்பிச்சு நினைச்சதுக்கு மேல எடுத்திருக்கீங்களா? விடணும்னு நினைச்சு முடியாம போயிருக்கா? இல்லாதப்ப எரிச்சலோ நடுக்கமோ வருதா? உடம்பைக் கெடுக்குதுன்னு தெரிஞ்சும் எடுக்கிறீங்களா? மத்தவங்களுக்குத் தெரியாம வைக்கிறீங்களா?"

கஸ்பார் கையைத் தூக்கினான். "மேடம், இந்தக் கேள்வியெல்லாம் குடிக்கு மட்டுமா, மாவாவுக்கும் உண்டா?"

"எல்லாத்துக்கும்தான்."

"அப்ப அந்த அக்காவையும் ஒரு சேர் போட்டு குந்த வைங்க. காலைலேர்ந்து மூணு தபா தண்ணி ரூமுக்குப் போய்ட்டு வந்துச்சு. இப்பவும் லெஃப்டு கன்னத்துல கீது. நூறு அடி மேலேர்ந்து பொட்டி மூலையில கொக்கி மாட்டுனவன் நானு. எனக்கு இது தெரியாதா?"

வட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நடுங்குகிறவன்கூடச் சிரித்தான். கன்னியம்மா டம்ளர் தட்டை மேசையில் வைத்தாள்.

"நா வாயில போடறேன். உன்ன மாதிரி ரோட்ல வுழுந்து கெடக்கல. கட்டுனவள அடிக்கல."

"நா அடிச்சேன்" என்றான் கஸ்பார். சிரிப்பு போய்விட்டது அவன் முகத்திலிருந்து. "வுழுந்தும் கெடந்தேன். அதான் இங்க கட்டில்ல கீறேன். நீ எங்க கீறக்கா?"

கார்குழலி பேச்சை மாற்றினாள். கன்னியம்மா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தண்ணி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்துக்கொண்டாள். வைத்தபிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. ஒரு குடிகாரன், அதுவும் பவுடர் டப்பாவில் சாராயம் கொண்டு வருகிறவன், தன்னைப் பார்த்துக் கேள்வி கேட்கிறான்.

ஒரு நாள் விட்டுக் காட்டினால் போச்சு என்று முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு டியூட்டிக்கு வந்ததும் இருந்த மாவா பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து, வார்டு மூலையில் இருந்த குப்பைக்கூடையில் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஏழரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றியது.

எட்டரைக்கு நாக்கு தானாக இடது கன்னத்தைத் துழாவ ஆரம்பித்தது. ஒன்பதுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. ஒன்பதரைக்கு, கஞ்சி வேண்டாம் என்று சொன்ன ஒரு பெரியவரின் தட்டைப் பிடுங்கி நங்கென்று வைத்தாள், கஞ்சி அவர் மடியில் தெறித்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பத்துக்குத் தலை கனத்தது. வீட்டிலிருந்து எழில்மொழி போன் செய்து கேஸ் புத்தகம் எங்கே என்று கேட்டதற்கு, அந்த வீட்டில் ஒரு பொருளை வைத்த இடத்தில் பார்க்கத் துப்பில்லையா என்று கத்தினாள். கேஸ் புத்தகம் அவள் பையில்தான் இருந்தது. பத்தே முக்காலுக்குப் படுக்கை விரிப்பு மடிக்கும்போது கை நடுங்குவதைப் பார்த்தாள். நடுங்குகிற கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினொன்றுக்குக் குப்பைக்கூடைக்குள் கையை விட்டாள். மேலே வாழைப்பழத் தோல், டீ கொட்டின காகிதம், யாரோ மூக்குச் சிந்திய பஞ்சு. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அடியிலிருந்து பாக்கெட்டை எடுத்தாள். பஞ்சு ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்தாள். பிரித்து, வாயில் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கண்ணைத் திறந்தபோது கஸ்பார் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, ஹார்பர் கேட்டுக்குப் போகக் காத்து நிற்கிற கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி கட்டிலுக்குப் போய்விட்டான்.

அவன் ஏதாவது சொல்லிவிட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். திட்டியிருப்பாள், எச்சில் துப்பியிருப்பாள், முடிந்திருக்கும். அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விரிப்பு மாற்றுகிற சாக்கில் அவளே கேட்டாள்.

"இன்னா, யாராண்டயும் சொல்லலையா?"

"இன்னாத்த சொல்றது. சாக்கடை ஓரத்துல எவனோ மிச்சம் வச்ச பாட்டில எடுத்து, மேல கீற கலீஜ தொடச்சிட்டு குடிச்சவன் நானு. எனக்கு அது புதுசா?"

"உன் கூட என்ன சேக்காத."

"நா சேக்கலக்கா. தானா சேந்துகிச்சு."

பரிவு காட்டுகிறான். குடிகாரனின் பரிவைப் போலக் கேவலமான பொருள் உலகத்தில் வேறு இல்லை என்று கன்னியம்மாவுக்குப் பட்டது. அன்று அவனுக்கு மட்டும் பழைய விரிப்பையே திருப்பிப் போட்டாள்.

கார்குழலி அந்த வட்டத்தில் நடந்ததை மறக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை தன் ரூமுக்குக் கூப்பிட்டு, வேறெதுவும் கேட்காமல், "அக்கா, வாயைத் திறந்து உங்க மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பாருங்க" என்றாள். கன்னியம்மா திறந்தாள். திறந்த அளவுக்கு இரண்டு விரலே இடித்தது. வலுக்கட்டாயமாகத் திணித்தால் காதுக்குக் கீழே இழுத்தது. கார்குழலி செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துக் கிடந்தது.

பல் பிரிவில் இருந்த டாக்டர் அதிகம் பேசாதவர். இடது கன்னத்தில் ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் ஆகும் என்றார். அந்தப் பத்து நாளும் கன்னியம்மா வழக்கம்போல டியூட்டி பார்த்தாள், வழக்கம்போலத் திட்டினாள், வழக்கம்போல மாவா போட்டாள், வெட்டின புண்ணுக்காக வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு. அப்படி மாற்றிக்கொண்டதை நினைத்து அவளுக்கே காறித் துப்பத் தோன்றியது. கிருஷ்ணப்பன்கூட ஆஸ்பத்திரியில் வயிற்றுத் தண்ணியை எடுத்துவிட்டு வந்த அன்று குடிக்கவில்லை.

"கேன்சர் இல்லை" என்றார் பல் டாக்டர். "உள்தோல் நார்பிடிச்சு இறுகிப்போச்சு. பாக்கை விட்டா மேல இறுகாது. போட்டுக்கிட்டே இருந்தா கேன்சர் வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. வந்தா கன்னத்தை எடுக்கணும்."

சுற்றி வளைக்காமல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த வட்டாரத்தில் நேராகப் பேசுகிற ஒரே ஆம்பளை இவன்தான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி கார்குழலியின் ரூம். இந்த முறை நோயாளி உட்காரும் நாற்காலி. அதே தாள், அதே கேள்வி.

"ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?"

"ரெண்டு."

கார்குழலி எழுதினாள். பேனா நகர்வதை கன்னியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு கட்டிலில் படுத்தவனும் இப்படித்தான் சொல்கிறான், ஒரு குவார்ட்டர், எப்பவாவது. இந்தப் பொண்ணும் இப்படித்தான் எழுதுகிறது. ஏமாறுகிறவளைப் பார்க்க எரிச்சல் வந்தது, ஏமாற்றுகிறவளின் நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பது அதைவிட.

"அடிச்சிட்டு எழுது. பொய் சொன்னேன். ஒம்போது."

"தெரியும்க்கா" என்றாள் கார்குழலி. "மாத்திச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

கன்னியம்மா முதல்முறையாக அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

வைத்தியம் என்று கொடுத்தது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. கையில் ஒட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்திரி, அதில் புகையிலைச் சத்து கொஞ்சம் இருக்கும், திடீரென்று விட்டால் உடம்பு தவிக்காமலிருக்க. வாரம் ஒருமுறை பல் டாக்டர் கன்னத்துக்குள் போடும் ஊசி. வாய் திறக்கப் பயிற்சிக்கு ஐஸ் குச்சி. ஐஸ் விற்கிறவன் வைத்திருப்பானே, அதே மரக்குச்சி. பதினைந்து குச்சியை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், வாய் இடம் கொடுக்கும்போது ஒரு குச்சி கூட்ட வேண்டும். "குடிச்சிட்டு வர்றவனுக்கு கட்டிலு, குளுக்கோஸு, ஹார்லிக்ஸு. ஒழைக்கிறவளுக்கு ஐஸ் குச்சி" என்று நர்சிடம் சொன்னாள். ஆனால் குச்சியை வாங்கிக்கொண்டாள்.

எழில்மொழியிடம் சொல்ல வேண்டியிருந்தது. மகள் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். இருபத்துநாலு வயசு, அம்மாவின் மூஞ்சி, அம்மாவின் நாக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றைப் போட்டுவிட்டுக் கன்னியம்மா விஷயத்தைச் சொன்னாள். ஏதோ பெரிய ரகசியத்தை இறக்கி வைப்பதுபோல.

எழில்மொழி மீனில் முள் எடுத்துக்கொண்டே கேட்டாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஏழாவது படிக்கச் சொல்ல. உன் தலகாணி ஒறைய யார் தொவைக்கிறா? கறை எதுனு எனக்குத் தெரியாதா? என் தோஸ்துங்க வூட்டுக்கு வந்தா நீ பேசாம இருக்கணும்னு வேண்டிகினு இருப்பேன், வாடை வரும்னு."

"சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

"அப்பாவாண்ட சொல்லி இன்னா ஆச்சு? உன்னாண்ட சொன்னா மட்டும்? மொதல்ல அவுரு வாயில வந்த வாடை, அப்பால உன் வாயில வர்ற வாடை. ரெண்டுக்கும் பக்கத்துல படுத்துகினு இருந்தது நானு."

கன்னியம்மா அடிக்கக் கையை ஓங்கவில்லை, அழவும் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கிருஷ்ணப்பனை அவள் பத்துப் பன்னிரண்டு வருஷம் என்னென்ன சொல்லித் திட்டினாளோ அத்தனையும் திரும்பி வந்து வட்டிலைச் சுற்றி உட்கார்ந்ததுபோல் இருந்தது. அவனை மன்னித்துவிட வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை. தன்னையும் அந்த வரிசையில் கடைசியாகக் கொண்டுபோய் நிறுத்தினாள், அவ்வளவுதான்.

முதல் வாரம் நாய்ப்பாடு. வார்டில் பன்னிரண்டு பேரும் வேடிக்கை பார்த்தார்கள். "அக்கா, தண்ணி நெறைய குடி", "அக்கா, மூச்ச இழுத்து வுடு" என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அவளுக்குத் திருப்பிச் சொன்னார்கள். கன்னியம்மா விளக்குமாற்றைக் காட்டினாள். ஆனால் தண்ணி குடித்தாள். கஸ்பார் தன் பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து கிராம்பு இரண்டை எடுத்து நீட்டினான், வாயில் ஒதுக்கிக்கொள்ள. வாங்கவில்லை. அவன் வீட்டுக்குப் போன அன்று அவன் தலைமாட்டில் அந்தக் கிராம்பு கிடந்தது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். ஃப்ளோரா ஆட்டோவில் காத்திருந்தாள். நர்சம்மா, "இவரு எவ்ளோ நாளு?" என்று கேட்டதற்கு, "தெரியல" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. கஸ்பார் இன்றுவரை திரும்பி வரவில்லை. அவன் குடிக்காமல் இருக்கிறான் என்று அதற்கு அர்த்தமில்லை, வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். அவள் விசாரிக்கவில்லை.

மாவாவை விட்ட பத்தொன்பதாம் நாள் கன்னியம்மா விழுந்தாள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ் வரவில்லை, வெயில், பக்கத்தில் நின்றவன் ஒரு பாக்கெட்டைப் பிரித்தான், வாசனை வந்தது. கேட்டு வாங்கிப் போட்டாள். முன்பின் தெரியாத ஆம்பளையிடம் கையை நீட்டி வாங்கினாள். போட்டதும் பழையபடி தலை சுற்றி, பஸ் ஸ்டாண்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். மறுநாள் கார்குழலியிடம் போய், "நேத்து ஒண்ணு போட்டேன், எழுதிக்கோ" என்றாள். கார்குழலி ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். "அதெல்லாம் அவனுங்களுக்குச் சொல்லு. எனக்கு இன்னொரு பிளாஸ்திரி குடு."

அன்றிலிருந்து எழில்மொழி ஞாயிறுதோறும் அம்மாவின் பையைச் சோதிக்க ஆரம்பித்தாள். சொல்லாமலே எடுத்துக் கவிழ்த்தாள். கன்னியம்மா தடுக்கவில்லை. ஆனால் மகள் தேடுகிற லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இப்டியா பாக்கறது? ஓரத் தையல்ல வெரல வுட்டியா? குடைய விரிச்சுப் பாத்தியா? டிபன் டப்பா மூடில ரப்பர் வளையம் கீது பாரு, அதத் தூக்கு."

எழில்மொழி வளையத்தைத் தூக்கினாள். அடியில் ஒன்றும் இல்லை. இருவரும் சிரிக்கவில்லை. மகள் அவளை மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. தலையணை உறையை மட்டும் இப்போது அவரவர் துவைத்துக்கொள்கிறார்கள்.

ஏழு மாதம் ஆகிறது. அதற்குள் இன்னும் ஒருமுறை சறுக்கினாள், அதையும் போய் எழுத வைத்தாள். இருபத்திரண்டு மில்லிமீட்டர் திறந்த வாய் இப்போது இருபத்தெட்டு திறக்கிறது. "முழுசா பழையபடி வராது" என்று பல் டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். பதினைந்து குச்சி இருபதாகியிருக்கிறது. மிளகாய் இன்னும் எரிகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு நாக்கு இன்றும் இடது கன்னத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, நோயாளிகளின் குடும்பத்தார் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னார். எல்லோருக்கும் நம்பிக்கையாக இருக்கும் என்றார். "நா பேசினா எவனும் வைத்தியத்துக்கு வரமாட்டாம்மா" என்று சொல்லி மறுத்துவிட்டாள். குடிகாரர்களைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயமும் மாறவில்லை. பொய்யனுங்க, கோழைங்க, தங்களையே கட்டிக்கொண்டு அழுகிறவனுங்க. முன்பு "அவனுங்க" என்பாள், இப்போது சில சமயம் "நம்மள மாதிரி ஆளுங்க" என்று வாயில் வந்துவிடுகிறது. உடனே உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

போன வாரம் மாடிப்படியில் சிவந்தியைப் பார்த்தாள். மேல் மாடி வார்டைப் பெருக்குகிறவள், முப்பது வயசு இருக்கும், கலகலவென்று பேசுகிற பெண். அன்று பேசாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடந்தாள். வலது கன்னம் லேசாக உப்பியிருந்தது.

கன்னியம்மா படியை மறித்து நின்றாள். "வாயத் தொற."

"இன்னாக்கா, காலைலயே பேஜாரு பண்ற?" சிவந்தி உதட்டைக் குவித்துக்கொண்டே பேசினாள்.

"மூணு வெரல வச்சுக் காட்டு. போதும்."

"வேலையப் பாத்துகினு போக்கா. நீ போட்டப்ப நா கேட்டேனா?"

"கேக்கல. கேட்டிருந்தா உன்ன செருப்பாலடிச்சிருப்பேன்." கன்னியம்மா ஒதுங்கி வழிவிட்டாள். "போ. கீழ ரூமு எங்க கீதுன்னு தெரியும்ல? அந்தப் பொண்ணு ஒம்போது மணிக்கு வரும். ரெண்டுன்னு சொல்லாத, அதுக்குத் தெரியும்."

சிவந்தி முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறிப் போனாள். இன்றோடு ஆறு நாள், கீழே வரவில்லை. கன்னியம்மா தினமும் ஒன்பது மணிக்கு கார்குழலியின் ரூம் வாசலைப் பெருக்குகிறாள். பெருக்கின இடத்தையே திரும்பவும் பெருக்குகிறாள். அறிவுகெட்ட ஜென்மம் என்று திட்டிக்கொண்டே படிப்பக்கம் பார்க்கிறாள்.